பொறியும் பொறிப்பும்

(நாகர்கோவிலில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

   

 இம்மேடையில் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, யான் வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வேன் என்று பலரும் எண்ணியிருத்தல் கூடும். அங்ஙனமின்றி, மரத்திலும் அக்ரிலிக் பலகையிலும் பிளாஸ்டிக்கிலும் லேசர் ஒளியைக் கொண்டு எழுத்தும் சித்திரமும் பொறிக்கும் தொழிலைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களாயின், அதற்கு விடை பேச்சின் இடையே வரும்.

சென்ற கூட்டத்தில் நிகழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் இளைஞர் இருவர் இத்தொழிலுக்குரிய யந்திரம் ஒன்று வாங்குதற்குச் சங்க நிதியினின்று கடன் உதவுமாறு விண்ணப்பித்தனர். மூத்தோர் சிலர் அதனை மறுத்துரைத்தனர். “உளி பிடித்த கை இன்று பொத்தானை அழுத்தும், நாளை அதற்கும் ஆள் வேண்டாம் என்பார்கள்” என்று ஒரு பெரியவர் மனம் நொந்து கூறினார். முடிவு ஏற்படாமல் அவ்விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. தச்சும் சிற்பமும் இரும்புவேலையும் கன்னாரமும் பொற்பணியும் குடிவழித் தொழிலாகக் கொண்ட நமக்கு இஃது அற்ப விஷயமன்று. யான் இரு திறத்தார்க்கும் வேண்டியவன். என் தந்தையார் தச்சுத் தொழிலர். என் தமையனார் இன்றும் பட்டறை நடத்துகின்றார். கடன் கேட்ட இளைஞருள் ஒருவர் என்னிடம் தமிழ் படித்தவர். ஆதலின் நடுநின்று ஆராய முயல்கின்றேன்.

முதற்கண் ‘பொறி’ என்னும் நம் சொல்லை நோக்குவோம். பொறி என்பது யந்திரத்தையும் குறிக்கும். தீயின் சிதறலையும் குறிக்கும். இலச்சினையாக இட்ட அடையாளத்தையும் குறிக்கும். கண் முதலிய ஐம்பொறிகளையும் குறிக்கும். எழுத்தை வெட்டுதல் பொறித்தல் எனப்படும். யான் இன்று சொல்லவந்த தொழிலில் இப்பொருள்கள் யாவும் ஒருங்கே வந்து கூடுகின்றன. ஒரு பொறியானது தீயின் பொறியால் எழுத்தைப் பொறிக்கின்றது. எஞ்சி நிற்பது கண்ணாகிய பொறி ஒன்றே. அக்கண் யாருடையது என்பதுதான் இன்றைய வினா.

பொறித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே விஷ்ணு கோயிலும், 95 மாணவர்க்கு இடமளித்த சாலையும் நிறுவப்பட்ட செய்தியை ஆய் வேந்தன் கருநந்தடக்கனின் செப்பேடு கூறுகின்றது. கி.பி. 866-ஐ ஒட்டிய காலத்தது அது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அவ்வெழுத்துக்கள் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. பழைய செப்பேடுகள் பலவற்றின் இறுதியில், வாசகத்தை இயற்றியவன் பெயரோடு, அதனைத் தகட்டில் வெட்டிய கைவினைஞன் பெயரும் காணப்படும். அது புகழை வேண்டி இட்ட பெயர் மட்டுமன்று. ‘இவ்வெழுத்துக்கு யான் பொறுப்பு’ என்று கையொப்பமிட்டதற்கு ஒப்பாகும். தேரூரில் 1876-ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் பள்ளியாசிரியராயிருந்தும், கல்வெட்டுக்களைத் தேடித் தேடிப் படித்துக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். வெட்டியவன் கருத்தோடு வெட்டியிருந்தமையாலன்றோ பின் வந்தோர் படித்துப் பொருள்கொள்ள இயன்றது!

ஓலையின் செய்தி இதற்குச் சற்று வேறுபட்டது. எழுத்தாணியால் கீறிய பின் மை தடவித் துடைத்தால்தான் ஓலையில் எழுத்து விளங்கும். ஏட்டில் பெரும்பாலும் புள்ளியிடும் வழக்கமில்லாமையால், குறிலையும் நெடிலையும் பிரித்தறிதல் பல இடங்களில் அரிதாயிற்று. ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் பரவியது. உ. வே. சாமிநாதையர் போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைக் காண ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது. பொறித்த பிழை எளிதில் அழிவதில்லை என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

நிற்க. லேசர் என்பது யாது? தமிழில் சீரொளி என்று மொழிபெயர்ப்பர். கடைத்தெருவில் லேசர் என்றே வழங்குகின்றது. விளக்கின் ஒளி, திருவிழா முடிந்து கலையும் கூட்டத்தைப் போன்றது. பல திசையிலும் சிதறிச் செல்லும். லேசர் ஒளியோ, சுசீந்திரத்தில் தேர்வடம் பிடித்தோர் ஓரொலி எழுப்பி ஒரே திசையில் ஒருங்கே இழுப்பதைப் போன்றது. அதன் அலைகள் யாவும் ஒரே நீளமுடையனவாய், ஒன்றோடொன்று இயைந்து, ஒரே முகமாய்ச் செல்லும். இத்தகைய ஒளிக்கு அடிப்படையான கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பார் செயற்கைக் கெம்புத் தண்டு ஒன்றினின்று முதன்முதல் லேசர் ஒளியை எழுப்பிக் காட்டினார். நான்கு ஆண்டு கழித்து, 1964-இல், கரியமில வாயுவைக் கொண்டு லேசர் ஒளியைப் பெறும் வழியைக் கண்டவர் குமார் படேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனேயில் பொறியியல் கற்று, அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றியவர் அவர். நம் ஊர்க் கடைகளில் பெயர்ப்பலகை பொறிக்கும் யந்திரங்களிற் பெரும்பாலானவை அந்த இந்தியர் கண்ட வழியிலேயே இயங்குகின்றன. ஆதலின் இதனை அந்நியப் பொருள் என்று ஒதுக்குதற்கும் இடமில்லை.

யந்திரத்தின் அமைப்பு கடினமானதன்று. நீண்ட கண்ணாடிக் குழாயினுள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் என்பன அடைக்கப்பட்டிருக்கும். மிகுந்த அழுத்தமுள்ள மின்சாரம் அதனூடே பாயும்போது ஒளி பிறக்கும். குழாய் சூடேறாதவாறு புறத்தே நீர் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாது. அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்த ஒரு பகுதியினும் சிறிது மிகுதி. மூன்று ஆடிகள் அதனைத் திருப்பித் திருப்பி அனுப்ப, இறுதியில் ஒரு வில்லை அதனை ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்களவுள்ள புள்ளியாகக் குவிக்கும். அப்புள்ளி பட்ட இடத்தில் மரம் கருகும், அக்ரிலிக் ஆவியாகும். தறியில் நாடா ஓடுவதுபோல் வில்லை இங்குமங்கும் ஓடி, வரிவரியாக எழுத்தை நிரப்பும். எங்கே சுட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதைக் கணினி கட்டளையிடும்.

இனிப் பொருள்களின் இயல்பைக் காண்போம். மரத்தை அறியாதவனுக்கு இவ்யந்திரம் அரைப்பயனே தரும். ஒரே பலகையில் ரேகையின் மென்மையான பகுதி ஆழமாகக் கருகும்; வலிய பகுதி குறைவாகக் கருகும். தேக்கு எண்ணெய்ப் பசையும் கருநிறமும் உடையதாதலின், அதில் எரிந்த எழுத்து எடுப்பாகத் தோன்றுவதில்லை. வெளிறிய மரங்களில் எழுத்து மைதீட்டியதுபோல் விளங்கும். நம் மாவட்டத்து மேற்குத் தாலுகாக்களில் ரப்பர் தோட்டங்கள் மிகுதி. பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது கிடைக்கும் பலகை வெளிறிய நிறமுடையது. இவ்வேலைக்கு நன்கு ஏற்றது. ஆயின் வெட்டியவுடன் மருந்தூட்டி உலர்த்தாவிடின் பூஞ்சையும் வண்டும் அதனைக் கெடுத்துவிடும். இவற்றையெல்லாம் நூல் பார்த்து அறிபவன் ஒருவன். பலகையைத் தட்டிப் பார்த்தே அறிபவர் நம் மூத்தோர். இந்த அறிவை இளைஞர் எங்கே சென்று விலைக்கு வாங்குவர்?

அக்ரிலிக்கில் வார்த்தெடுத்த பலகை, பிதுக்கியெடுத்த பலகை என இருவகை உண்டு. வார்த்த பலகையில் எழுத்து உறைபனிபோல் வெண்மையாகத் தோன்றும், மற்றதில் மங்கும். பலகையின் பின்புறத்தே பொறிப்பதாயின் எழுத்தை இடவலம் மாற்றி அமைத்தல் வேண்டும். பிளாஸ்டிக்கில், பெயர்ப்பட்டிகைக்கென்று மேலே ஒரு நிறமும் அடியில் வேறு நிறமும் கொண்ட ஈரடுக்குத் தகடுகள் விற்கப்படுகின்றன. மேலடுக்கு எரிந்து நீங்க, அடிநிறம் எழுத்தாய் வெளிப்படும்.

இங்கே தாய்மார்கள் சிறப்பாகக் கேட்டருள வேண்டுகின்றேன். பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. பி.வி.சி. என்னும் வகையை லேசரில் இடவே கூடாது. அதில் குளோரின் கலந்துள்ளது. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு எழும். அது ஈரத்தோடு கூடி அமிலமாகி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும்; யந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். பணப்பை செய்யும் போலித்தோலிலும் பெரும்பாலும் இப்பொருளே இருக்கும். ஐயம் தோன்றின், செப்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அப்பொருளைத் தொட்டு, மீண்டும் தீயிற் காட்டினால், பச்சைச் சுவாலை எழுவது குளோரின் உள்ளமைக்கு அறிகுறி. இச்சோதனையையும் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தே செய்தல் வேண்டும். மரமும் அக்ரிலிக்கும்கூடப் புகையும் நாற்றமும் எழுப்புவன. அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும். வேலை நடக்கையில் யந்திரத்தை விட்டு அகன்று தேநீர் குடிக்கச் செல்லுதல் பெரும் பிழை. மூடியின்றி விற்கப்படும் மலிவான நீலவொளி யந்திரங்களும் உண்டு. அவ்வொளி கண்ணின் உட்படலத்தைச் சுட்டு, பார்வையை நிரந்தரமாகக் கெடுக்கவல்லது. வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் இவற்றை வைத்துத் தொழில் செய்தல் எவ்வாற்றானும் தகாது.

இனி என் சொந்தப் பிழை ஒன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் இலக்கிய மன்ற விழாவுக்காக ரப்பர் மரப் பலகையில் 40 கேடயங்கள் செய்வித்தோம். வாசகத்தை யானே கணினியில் தட்டெழுதி அனுப்பினேன். அதன் மாதிரியைப் படமாகக் கைப்பேசிக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டனர். வகுப்புக்குச் செல்லும் அவசரத்தில், அழகிய கரையும் விளக்குச் சித்திரமும் கண்டு மகிழ்ந்து, ‘சரி’ என்று விடையிறுத்துவிட்டேன். விழாவன்று காலையில் பெட்டியைத் திறந்தால், ‘பேச்சுப் போட்டி’ என்னும் தொடரில் பகரத்தின் முன் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு இரு சொல்லிலும் பின்னே சென்று நின்றது. நாற்பது பலகையிலும் அதே பிழை. பரிசு பெற்ற மாணவி ஒருத்தி அதனை உற்றுநோக்கி, “ஐயா, கட்டுரையில் ஒரு கொம்பு தவறினால் அரை மதிப்பெண் குறைப்பீர்களே, இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று மெல்லக் கேட்டாள். யான் விடை கூறாது நின்றேன்.

அப்பிழையின் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தேன். கணினியில் தமிழ் எழுத்தைக் குறிக்கும் முறை ஒன்றல்ல. பல பழைய முறைகள் இன்னும் கடைகளில் வழங்குகின்றன. தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. அம்முறையில் கொம்பு மெய்க்குப் பின்னாகவே சேமிக்கப்படும். திரையில் காட்டும்போதுதான் மென்பொருள் அதனை முன்னே கொணர்ந்து நிறுத்தும். தமிழுக்கென அமையாத மென்பொருள் அவ்வாறு நிறுத்துவதில்லை. ஆதலின் எழுத்தைச் சரிபார்த்து, வளைகோட்டுச் சித்திரமாக மாற்றி, அதன் பின்னரே யந்திரத்துக்கு அனுப்புதல் நலம். கடைக்காரர் இதனைக் கவனித்திருக்கலாம். எனினும் ‘சரி’ என்றவன் யானே. தமிழ் படித்த கண் அங்கே தேவைப்பட்டது. அந்தக் கண்ணை யான் மூடிக்கொண்டேன்.

கேடயங்களை என் தமையனாரின் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, இழைப்புளியால் அரை நூல் கனம் சீவினார். கருகிய எழுத்து சுருள்சுருளாகக் கீழே விழுந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, உளியால் நான் இதை வெட்டியிருந்தால் முதல் பலகையில், முதல் எழுத்திலேயே கை நின்றிருக்கும்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் அப்பலகைகள் மீண்டும் லேசருக்குச் சென்று, பிழையின்றித் திரும்பின. செலவு என்னைச் சார்ந்தது. படிப்பினையும் என்னைச் சார்ந்ததே.

அன்பர்களே! தமையனார் கூறிய அச்சொல்லை யான் பலநாள் சிந்தித்தேன். உளியின் மெதுவான நடை ஒரு குறை என்று கருதி வந்தோம். அம்மெதுவே வெட்டுகின்றவனை வாசகனாகவும் ஆக்கியது. ஓரெழுத்தை வெட்டி முடிப்பதற்குள் அடுத்த எழுத்தை அவன் பத்துமுறை நோக்கினான். லேசரோ நாற்பது பலகையை ஒரு பகலில் முடித்துவிடும். அதற்குக் கொம்பும் தெரியாது, காலும் தெரியாது. ஆகையால் உளி தானாகவே அளித்துவந்த அந்தக் கண்ணை, இனி நாம் வேண்டுமென்றே வேலையினுள் புகுத்துதல் வேண்டும். இதுவே யான் சொல்லவந்த ஒரே கருத்து.

மூத்தோரின் அச்சம் முற்றும் பொய்யன்று. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மேற்கூரையில் 90 வகை மலர்களைச் செதுக்கியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதழின் அடிப்புறம் குடைந்து, ஒன்றன் மேல் ஒன்று கவிந்து நிற்கும் அத்தகைய வேலை லேசரால் ஆகாது. அது மேலிருந்து சுடுமேயன்றி, உட்புகுந்து குடையாது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020-இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது, கையால் செதுக்கும் வேலைக்கு இன்றும் மதிப்புண்டு என்பதற்குச் சான்று. ஆனால், மரத்தை ஆழமாகக் குடையும் ரூட்டர் என்னும் வேறு யந்திரம், கதவில் பூவேலை செய்வோரின் பிழைப்பை ஏற்கெனவே தொட்டுவிட்டது. அதனை மறைத்தல் நேர்மையன்று. பெயர்ப்பலகை எழுதுவோரின் வேலையை லேசர் குறைத்ததும் உண்மையே. இத்தொழில் நாம் மறுத்தமையால் நின்றுவிடப் போவதில்லை. வேறொருவர் கைக்குச் செல்லும், அவ்வளவே. மரத்தையும் கோலத்தையும் அறிந்த கையில் அது இருத்தல் நன்றா, அறியாத கையில் இருத்தல் நன்றா என்பதை அவையோர் சிந்திக்க.

ஆதலின் சங்கத்தின் முன் ஐந்து யோசனைகளை வைக்கின்றேன்.

முதலாவது, விண்ணப்பித்த இளைஞர்க்குக் கடன் அளிக்கலாம். ஆயின் யந்திரத்தின் விலையிற் பாதி அவர்களுடையதாக இருத்தல் வேண்டும். ஒளிக்குழாயின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரமே. அதனை மாற்றும் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கடன் பெறுவோர் ஓராண்டு வாரத்தில் இருநாளேனும் மூத்த தச்சர் ஒருவரின் பட்டறையில் அமர்ந்து மரத்தையும் கோடு வரைதலையும் கற்றல் வேண்டும். கற்பிப்பவர்க்குச் சங்கம் ஊதியம் அளித்தல் வேண்டும்.

மூன்றாவது, யந்திரம் குடியிருக்கும் வீட்டில் இராது, புகைபோக்கியும் தீயணைப்பானும் உடைய தனியறையில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, மூத்தோரின் கைவரைவுகளாகிய கொடியும் யாளியும் அன்னமும் கணினியில் ஏற்றப்படுமாயின், வரைந்தவர் பெயரோடு ஏற்றப்பட வேண்டும். பயன்படுத்துந்தோறும் அவர்க்கோ அவர் குடும்பத்தார்க்கோ பங்கு சேர வேண்டும். ‘நாளை ஆள் வேண்டாம் என்பார்கள்’ என்ற பெரியவரின் வருத்தத்திற்கு நாம் அளிக்கக்கூடிய நேரிய விடை இதுவே.

ஐந்தாவது, தமிழ் எழுத்துள்ள எவ்வேலையையும் சுடுவதற்கு முன் இருவர் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க, மற்றவர் ஒப்புநோக்குதல் வேண்டும். படித்தவர் இருவரின் பெயர் முதலெழுத்துக்களைப் பலகையின் பின்புறத்தே சிறிதாகப் பொறித்துவிடுக. செப்பேட்டின் இறுதியில் தன் பெயரை இட்ட கைவினைஞனின் வழக்கம் இவ்வாறு நம்மிடம் மீளட்டும். சனிக்கிழமை மாலைகளில் யானே வந்து ஊதியமின்றிப் படித்துக் கொடுக்கச் சித்தமாயிருக்கின்றேன். மேலும் இரு தமிழாசிரியர்கள் இசைந்துள்ளனர்.

அந்த நாற்பது கேடயங்களுள் ஒன்றை மட்டும் தமையனார் சீவவில்லை. அது பிழையோடு என் மேசைமீது இருக்கின்றது. விடைத்தாள் திருத்த அமரும்போதெல்லாம் அதனை ஒருமுறை படித்துவிட்டே சிவப்பு மையை எடுக்கின்றேன். நம் இளைஞர் திறக்கப்போகும் பட்டறைக்கு அதனையே முதற் பரிசாக அளிக்கக் கருதியுள்ளேன். யந்திரத்தின் எதிரே, பொத்தானை அழுத்துவோரின் கண்ணிற் படுமாறு, அதனை மாட்டி வைப்பார்களாக.

 குற்றம் இருப்பின் பொறுத்து, குணம் இருப்பின் கொண்டு, ஒரு முடிவுக்கு வருமாறு வேண்டி, என் பேச்சை முடிக்கின்றேன்.